தைலப் புட்டியைத் திறக்கும் முன்: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் தைலம் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. வயலில் இறங்கி ஏறுகிறவர்களுக்கு இடுப்பு பிடிக்கும், பிள்ளைகளுக்கு மூக்கு அடைக்கும், விளக்கு வைக்கும் நேரத்தில் கொசு மொய்க்கும். யூகலிப்டஸ் தைலம், வலி பாம், கிராம்புத் தைலம், சூடம், வேப்பெண்ணெய் எல்லாம் ஒரே அலமாரியில், பல வீடுகளில் சாமி படத்துக்குக் கீழேயே இருக்கும். இவை எல்லாம் செடியிலிருந்து வந்தவை, அதனால் ஒன்றும் செய்யாது என்று நம் ஊரில் ஆழமாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இலையின் அளவு வேறு, அதை வடித்து எடுத்த சொட்டின் அளவு வேறு. தைலத்தை மருந்து மாதிரி அளந்து, மருந்து மாதிரி பூட்டி வைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

வேறு எதையும் படிக்கும் முன் கீழே உள்ள முதல் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: குழந்தை குடித்துவிட்டால், தின்றுவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது, மோர் கொடுப்பது எதுவும் வேண்டாம். தைலம் மெலிந்த திரவம். வாந்தியில் மேலே வரும்போது கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் புண்ணாகிவிடும். அதோடு சூடமும் யூகலிப்டஸும் வலிப்பை வரவைக்கக் கூடியவை. வாந்தியும் வலிப்பும் ஒன்றாக வந்தால் நிலைமை மிக மோசமாகிவிடும். பாலும் கொடுக்க வேண்டாம். பலர் முதலில் செய்வது அதைத்தான்.

108-ஐ அழையுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கேதான் முதலில் போக வேண்டும். தைலப் புட்டியையோ சூடப் பாக்கெட்டையோ கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது, எத்தனை மணிக்கு நடந்தது, குழந்தையின் எடை என்ன, இந்த நான்கையும் மருத்துவர் கேட்பார். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. போகிற வழியிலேயே அழைத்துக் கேட்கலாம்.

குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சூடம் வயிற்றுக்குள் போனால் ஐந்து நிமிடத்திலும் வலிப்பு வரலாம், ஒன்றரை மணி நேரம் கழித்தும் வரலாம். முன்னறிவிப்பே இல்லாமல் வரும். வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது, நேரம்தான் போகும்.

கண்ணில் பட்டால் ஓடும் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். தோலில் கொட்டினால் துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 1: புட்டியில் இருப்பது எண்ணெயா, தைலமா?

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் செக்கில் ஆட்டி எடுப்பவை. அவை கொழுப்பு, காற்றில் ஆவியாகாது. யூகலிப்டஸ், கிராம்பு, லெமன்கிராஸ், வெட்டிவேர் தைலங்கள் ஆவியில் வடித்து எடுப்பவை. வாசனையே அவைதான், திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும். சந்தேகம் இருந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கொழுப்பெண்ணெய் என்றால் கறை அப்படியே நிற்கும். சுத்தமான யூகலிப்டஸ் போன்ற மெலிந்த தைலம் என்றால் தாள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான தைலங்கள் மெதுவாகத்தான் போகும், அவற்றுக்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது.

வடிப்பது எப்படி என்று தெரிந்தால் ஆபத்தும் புரியும். இலையைப் பெரிய கலத்தில் அடைத்து அடியிலிருந்து நீராவியை ஏற்றுவார்கள். தைலப் பொருட்களின் கொதிநிலை தண்ணீரைவிட அதிகம். ஆனாலும் நீராவியோடு சேர்ந்து நூறு டிகிரிக்குள்ளேயே மேலே வந்துவிடும். குளிர்ந்ததும் தண்ணீர் கீழேயும் தைலம் மேலேயும் பிரியும். கிராம்பு, பட்டை, விண்டர்கிரீன் (வலி பாமில் சேர்ப்பது) போன்ற சில தைலங்கள் மட்டும் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். நூறு கிலோ யூகலிப்டஸ் இலையில் சுமார் ஒன்று இரண்டு கிலோ தைலம்தான் கிடைக்கும். அத்தனை இலையில் இருந்தது அந்தப் புட்டிக்குள் வந்துவிட்டது.

நம் வெற்றிலையையே பாருங்கள். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலையின் காரத்துக்குக் காரணம் யூஜெனால், சாவிபெட்டால் போன்ற தைலப் பொருட்கள். ஒரு இலையில் அவை மிகச் சிறிய அளவுதான் இருக்கும். அதே யூஜெனால் கிராம்புத் தைலத்தில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு இருக்கிறது. வெற்றிலையை மென்று பழகிய வாய் கிராம்புத் தைலத்தையும் தாங்கும் என்று நினைக்க முடியாது.

மல்லிகையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மல்லிகைப் பூவை ஆவியில் வடித்தால் வாசனை கெட்டுவிடும், அதனால் கரைப்பான் போட்டுத்தான் பிரித்தெடுக்கிறார்கள். மல்லிகைத் தைலம் என்று மலிவாக விற்பது அநேகமாகச் செயற்கை வாசனைதான்.

படி 2: உள்ளே இருக்கும் பொருளின் பெயரைப் பழகிக்கொள்ளுங்கள்

பிராண்ட் பெயரை மறந்துவிடுங்கள். புட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள்தான் முக்கியம். நம் வீடுகளில் வந்துபோகிறவை ஐந்தாறுதான்.

கற்பூரம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சூடக் கட்டி பார்வைக்குக் கற்கண்டு மாதிரி இருக்கும், தரையில் விளையாடும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போயிருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது நச்சு மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கணக்குப் போட்டால் 300 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு சின்னச் சூடத்தின் ஓரம் போதும். ஒரு கிராம் அளவிலேயே குழந்தைகள் இறந்த பதிவுகள் மருத்துவ நூல்களில் உண்டு. அமெரிக்காவில் 1980-களிலேயே மேல்பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்து, கற்பூர எண்ணெயைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இங்கே தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி, பச்சைக் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பதை இன்றும் பார்க்கிறோம். பூஜைச் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது, உடம்பில் தேய்ப்பதற்காகச் செய்தது கிடையாது. தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் கற்பூரம் உள்ளே போகும். பச்சைக் கற்பூரத்தைப் பொங்கலிலும் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் போடுவது அரிசி முனையளவு. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சினியோல். யூகலிப்டஸ் தைலத்தின் முக்கால் பங்கு இதுதான். ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் வாங்கி வந்து கொடுக்கும் நீலகிரித் தைலமும் இதே. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சின்னக் குழந்தையை மயக்கத்துக்கும் வலிப்புக்கும் கொண்டுபோகப் போதுமானது. பெரியவர்களும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவில் நான்கு மருத்துவமனைகளில் வலிப்போடு வந்த 350 பெரியவர்களை நரம்பியல் மருத்துவர்கள் விசாரித்தபோது, 55 பேரின் வலிப்புக்கு யூகலிப்டஸ் அல்லது கற்பூரம் கலந்த தைலத்தோடு தொடர்பு இருந்தது. அவர்களில் ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களும் உண்டு, அதுவரை ஒருமுறைகூட வலிப்பு வராதவர்களும் உண்டு. தைலம் போட்டீர்களா என்று யாராவது கேட்டால்தான் இது வெளியே வரும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென வலிப்பு வந்தால் நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெத்தில் சாலிசிலேட். வலி பாமில் ஒருவித இனிப்பு மணம் வருமே, அது இதுதான். ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுத்தமான விண்டர்கிரீன் தைலம் ஒரு மில்லியில் சுமார் 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான மருந்து இருக்கிறது. ஒரு டீஸ்பூனைக் குடித்தால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒரேயடியாக விழுங்கிய கணக்கு. இதயத்துக்காக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இந்தப் பாமை உடம்பு முழுக்கத் தேய்த்தால் ரத்தம் உறைவது குறைந்து ரத்தக் கசிவு வரலாம்.

யூஜெனால் கிராம்பில் இருப்பது. பல்வலியை மரத்துப்போகச் செய்யும், அதே சமயம் ஈறைப் பொசுக்கவும் செய்யும். குழந்தை ஐந்து பத்து மில்லி குடித்துவிட்டால் கல்லீரல் பாதிக்கும். மீனை மயக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், மீதியை மீன் குட்டையிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.

மெந்தால் புதினா உப்பு, தைமால் ஓம உப்பு. மெந்தாலைக் கைக்குழந்தையின் மூக்குக்குக் கீழே தடவினால் குரல்வளை இறுகி மூச்சு நிற்கக்கூடும். கடையில் விற்கும் ஓம வாட்டர் மிக மெலிந்தது, ஓம உப்பு அப்படியில்லை.

எலுமிச்சை, நார்த்தை போன்றவற்றின் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள் இருக்கிறது. தடவிக்கொண்டு களத்துமேட்டில் நின்றால் கொப்புளமும் மாதக்கணக்கில் போகாத கறுப்பும் வரும்.

படி 3: யாருக்கு வேண்டவே வேண்டாம்

இரண்டு வயதுக்குக் கீழே எந்தத் தைலமும் வேண்டாம். நெஞ்சில், உச்சந்தலையில், தலையணையில், எங்கேயும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிற அப்பாயிகளுக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். முடியைத் துண்டால் துவட்டி உலர்த்தினாலே போதும் என்று அன்பாகச் சொல்லுங்கள். குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு எந்தப் புகையும் நல்லதில்லை.

வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு யூகலிப்டஸும் கற்பூரமும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் எந்த வாசனையையும் அடைத்த அறையில் பரப்ப வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடர்ந்து தேய்க்கக் கூடாது, உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கற்பூரம், மெந்தால், துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை மூன்றும் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். பூனை வளர்ப்பவர்களும் கவனம். பூனையின் கல்லீரலால் இந்தப் பொருட்களைச் சரியாக வெளியேற்ற முடியாது, உண்ணிக்காகத் தைலம் தடவினால் அது செத்தே போகலாம்.

வேப்பெண்ணெய் தைலம் இல்லை என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும். பூச்சி போகட்டும் என்று கைக்குழந்தைக்கு ஒரு சங்கு வேப்பெண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்திலேயே மலேசியாவில் இப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, மூளை வீக்கம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு சொட்டுகூட உள்ளுக்கு வேண்டாம்.

படி 4: கடையில் வாங்கும்போது

நாட்டு மருந்துக் கடையில் "அண்ணே, யூகலிப்டஸ் ஒண்ணு குடுங்க" என்றால், பெரிய கேனிலிருந்து பழைய டானிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற இடங்கள் உண்டு. அதை வாங்காதீர்கள். லேபிள் இல்லாத தைலம், அதுவும் டானிக் பாட்டிலில், இருமல் மருந்து என்று நினைத்து ஊற்றிக் கொடுப்பதற்கு வழி செய்யும். குழந்தைகளுக்கு நடக்கும் விபத்துகளில் ஒரு பெரிய பங்கு இப்படித்தான்.

மருந்து என்று விற்கும் தைலத்தில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்தவர் முகவரி, என்னென்ன எவ்வளவு சேர்த்தார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். செடியின் தாவரவியல் பெயரும் இருந்தால் நல்லது. வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சொட்டு மூடியும், எளிதில் திறக்க வராத மேல் மூடியும் உள்ள புட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

சந்தனமும் லெமன்கிராஸும் ஒரே விலையில் வரிசையாக அடுக்கியிருந்தால் அங்கே இருப்பது வாசனைக் கலவைதான். நாகூர் தர்கா பக்கத்துக் கடைகளில் அத்தர் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். சந்தன எண்ணெயில் வடித்த அசல் அத்தருக்கு விலை மிக அதிகம். சின்னப் புட்டியில் மலிவாகக் கிடைப்பதைச் சட்டையில் தடவுங்கள், தோலில் வேண்டாம்.

சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு எல்லாவற்றையும் இந்தத் தைலம் குணமாக்கும் என்று விளம்பரம் வந்தால் அந்தப் பொருளையே தவிர்த்துவிடுங்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு முதலே சட்டம் தடுக்கிறது.

படி 5: அளந்து கலப்பது

தைலத்தை நேராகத் தோலில் போடக் கூடாது. செக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சேர்த்து மெலியவைக்க வேண்டும். பெரியவர்களுக்கு 2 சதவீதம் போதும். 100 மில்லி எண்ணெய்க்கு 2 மில்லி தைலம், 30 மில்லிக்கு 0.6 மில்லி, சொட்டுக் கணக்கில் சுமார் பன்னிரண்டு. சொட்டின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளப்பதே நல்லது. முகத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. இரண்டிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் வீட்டில் கலந்து போடாதீர்கள்.

கலந்ததை முதலில் முழங்கையின் உட்பக்கம் காசு அளவுக்குத் தடவி ஒரு நாள் விடுங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், அதே பொருள் கலந்த சோப்பும் சென்ட்டும்கூட ஒத்துக்கொள்ளாமல் போய்விடும்.

புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகத் தண்ணீராகிவிடும். மூன்றும் கலந்த பிறகு உருகும் வெப்பம் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்கிவிடுவதுதான் காரணம். வீட்டில் பலர் இப்படித்தான் வலித் தைலம் செய்கிறார்கள். ஆனால் அது மூன்று சுத்தப் பொருட்களின் சாறு, அதையும் மேலே சொன்ன கணக்கில் எண்ணெயில் கலக்காமல் தொடக்கூடாது.

படி 6: எந்த வேலைக்கு எப்படி

நடவு முடிந்து வரும் இடுப்பு வலிக்குப் பாம் போடலாம், தப்பில்லை. பட்டாணி அளவு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்குள். போட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்த பாம்களால் தீக்காயம் போன்ற புண் வந்ததை 2012-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சூடு சேர்ந்தால் மருந்து உள்ளே இறங்குவதும் கூடும். சேற்றுப்புண் உள்ள காலில் போட வேண்டாம், வெடிப்பு வழியாக நேராக ரத்தத்துக்குப் போகும்.

சளிக்கு ஆவி பிடிப்பதற்கு வெறும் வெந்நீரே போதும். வேண்டுமென்றால் ஒரு பிடி நொச்சி இலை போடுங்கள், வாய்க்கால் கரையில்தான் கிடைக்கிறதே. இலையிலிருந்து வருவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், தைலச் சொட்டு அப்படி வராது. பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது தைலத்தைவிடப் பெரிய ஆபத்து.

பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தை நல்லெண்ணெயில் மெலியவைத்துப் பஞ்சில் தொட்டு, வலிக்கும் பல்லில் மட்டும் சிறிது நேரம் வையுங்கள். வலியைத்தான் அது மறைக்கும், சொத்தை அப்படியே இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் தள்ளாமல் பல் மருத்துவரிடம் போங்கள்.

கொசுவுக்குச் சிட்ரோனெல்லா, லெமன்கிராஸ் தைலங்கள் வேலை செய்யும், ஆனால் ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. ராத்திரி தூங்கும்போது தைலத்தை நம்பாமல் கொசு வலை கட்டுங்கள், பகலில் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பைப் பூசிக்கொள்ளுங்கள். இதில் இயற்கைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நெல் வைக்கும் பத்தாயத்தில் நொச்சி, வேப்பிலைகளைப் போட்டு அந்துப்பூச்சியைத் தடுப்பது நல்ல பழக்கம், அதைத் தொடருங்கள். வயலுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். அதில் வேலை செய்யும் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

படி 7: வைக்கும் இடம்

பூட்டு உள்ள அலமாரி, ஆள் உயரத்துக்கு மேல், அடுப்பிலிருந்து தள்ளி. யூகலிப்டஸ் தைலத்தின் ஆவி சுமார் 50 டிகிரி வெப்பத்திலேயே, பக்கத்தில் நெருப்போ பொறியோ இருந்தால் தீப்பற்றும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ நிறுத்திய காருக்குள்ளோ அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். சூடத்தைச் சாமி மாடத்தின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், இறுக்கமான டப்பாவில் போட்டு மேலே ஏற்றுங்கள். நிறக் கண்ணாடிப் புட்டிதான் நல்லது, சில பிளாஸ்டிக்குகளைத் தைலம் கரைத்துவிடும். திறந்து ஒரு வருடத்துக்கு மேலான எலுமிச்சை, லெமன்கிராஸ் தைலங்களைத் தோலில் போட வேண்டாம். காற்றோடு சேர்ந்து மாறிய பொருட்கள்தான் ஒவ்வாமையை அதிகம் தருகின்றன.

படி 8: சட்டம் உங்களை எங்கே காக்கிறது

ஒரே தைலம், எதற்காக விற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. வலி நீக்கும், சளி போக்கும் என்று சொன்னால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். சித்த, ஆயுர்வேதத் தைலங்களும் இதில் அடக்கம், அவற்றுக்கும் உற்பத்தி உரிமம் கட்டாயம். தோல் பளபளக்கும் என்றால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள். கொசுவை விரட்டும், பயிர்ப்பூச்சியைக் கொல்லும் என்றால் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். இங்கே மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவும், லேபிளில் நிறமிட்ட நச்சுக் குறியும் வேண்டும். மூலிகைக் கொசுவிரட்டி என்று பதிவே இல்லாமல் விற்பவற்றை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சாப்பாட்டில் சேர்த்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் உள்ள விதிகளில், வாசனைக்காகச் சேர்க்கவே கூடாத பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சஃப்ரோல், தூஜோன், எஸ்ட்ரகோல், துளசியில் இருக்கும் மெத்தில் யூஜெனால் எல்லாம் அதில் உண்டு. துளசி இலையைத் தடை செய்யவில்லை, பிரித்தெடுத்த பொருளைத்தான் தடை செய்திருக்கிறார்கள். அதே பட்டியலில் பீட்டா அசரோனும் இருக்கிறது. நம் வசம்பின் தைலத்தில் பெரும் பங்கு அதுதான். எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியது என்பதால் அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவிலிருந்து விலக்கினார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று செல்லமாகச் சொல்லி, சுட்டு உரசித் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுகிறோமே, அந்த வசம்புதான். கையில் வளையலாகக் கட்டுவதும் வேண்டாம், குழந்தை வாயில் வைத்துச் சப்பும். வயிறு உப்பினால் குழந்தை மருத்துவரிடமோ படித்துப் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடமோ காட்டுங்கள்.

சுயஉதவிக் குழுவில் சோப்பு, வலித் தைலம் செய்து விற்க நினைக்கிற அக்கா, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிச் சான்றிதழ் உரிமம் ஆகாது. சோப்புக்கு அழகுசாதன உரிமம், வலித் தைலத்துக்கு மருந்து உரிமம் வாங்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகள் இன்னும் கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் லினலூல், லிமோனின், சிட்ரால் போன்ற எண்பதுக்கும் மேற்பட்ட ஒவ்வாமைப் பொருட்களைப் பெயர் சொல்லி லேபிளில் போடச் சொல்லி 2023-இல் விதியை விரிவாக்கியிருக்கிறார்கள். கழுவாமல் தோலிலேயே விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே எழுத வேண்டும்.

புகார் என்றால், மருந்து என்று விற்ற அலோபதித் தைலத்துக்கு மாவட்ட மருந்து ஆய்வாளர், சாப்பிடும் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர், பூச்சிக்கொல்லிக்கு வேளாண்மைத் துறை. உடம்புக்குக் கெடுதல் வந்திருந்தால் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளியோ வீட்டாரோ நேராகவே சொல்லலாம். பில்லையும் மீதியிருக்கும் புட்டியையும் வீசாமல் வைத்துக்கொண்டு, லேபிளின் தொகுதி எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிட்டு அழையுங்கள்.